கணினி பழசா, கேபிள் பிழையா? வணிக மென்பொருள் முரண்டு பிடித்தால் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காலபோக அறுவடை நேரம் தராசும் கணினியும் பேசிக்கொள்ளாமல் நின்றால், மில் வாசலில் லான்ட்மாஸ்டர் வரிசை வீதிவரை நீண்டுவிடும். அந்த அவசரத்தில் அனேகமாக எல்லா இடத்திலும் ஒரே தீர்ப்புத்தான் வரும்: "கொம்பியூட்டர் பழசு, மாத்த வேணும்." பல வேளைகளில் அந்தத் தீர்ப்புப் பிழை. கணக்கு, களஞ்சியம், சம்பளம் எல்லாம் தலைமை அலுவலகத்துச் சேர்வரில் (எல்லோருக்கும் பொதுவான மையக் கணினி) கிடக்கின்றன. உங்கள் மேசையில் இருப்பது அதன் ஒரு முனை மட்டும். அந்த முனையில் பழுது பெட்டிக்குள் வருவதைவிட, இரண்டு பொருள் ஒட்டும் இடத்தில் வருவதுதான் கூட. தராசும் போர்ட்டும் (கேபிள் செருகும் இடம்), பிரிண்டரும் டிரைவரும் (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), 32 பிட்டும் 64 பிட்டும் சந்திக்கும் இடங்கள் அவை.

மாங்குளத்திலிருந்தோ முழங்காவிலிலிருந்தோ ஒரு பெட்டியை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றி அனுப்பினால் குறைந்தது ஒரு நாள் போய்விடும். கீழே உள்ள சோதனைகளில் பல பத்து நிமிட வேலை. முதலில் அளந்து பாருங்கள், பிறகு காசைப் பற்றி யோசிக்கலாம்.

தொடங்குமுன் எழுதி வைக்க வேண்டியவை

தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறவுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: விண்டோஸ் பதிப்பும் எண்ணும், சிஸ்டம் டைப் (எக்ஸ்64 என்றால் 64 பிட், எக்ஸ்86 என்றால் 32 பிட்), புரொசசரின் முழுப் பெயர், நிறுவப்பட்ட மெமரி, பயோஸ் மோட், அதாவது கணினி தொடங்கும் முறை (லெகசியா, யூஇஎஃப்ஐயா). அதோடு மென்பொருளின் பதிப்பு எண். பிழைச் செய்தி வந்தால் 'ஓகே' அழுத்துமுன் கைபேசியில் படம் எடுங்கள். "ஏதோ எரர் வந்தது" என்று சொல்லி எந்த விற்பனையாளரிடமும் உதவி பெற முடியாது.

பிறகு ஒரே ஒரு ஒப்பீடு: அதே பயனர் பெயர், அதே திரை, பக்கத்து மேசைக் கணினி. அங்கும் அதே கோளாறு என்றால் உங்கள் கணினியைத் திறக்கவே வேண்டாம். சேர்வர் பக்கம் போங்கள்.

அறிகுறி: தராசில் எடை தெரிகிறது, திரையில் வரவில்லை

இங்கே நிதானமாகப் போங்கள். நெல் கொள்வனவிலும் எடைப்பாலத்திலும் அதிக நேரம் வீணாவது இந்த இடத்தில்தான்.

எலெக்ட்ரோனிக் தராசுகளில் பெரும்பாலானவை ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் முறையில் எடையை அனுப்புகின்றன. இன்றைய கணினிகளில் பெரும்பாலும் அந்தப் போர்ட் இல்லாததால் நடுவில் யூஎஸ்பி மாற்றி ஒன்று வரும். அந்தச் சிறிய மாற்றிதான் முதல் சந்தேக நபர்.

விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மனேஜரைத் திறந்து 'போர்ட்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' என்ற செய்தியும் இருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் புரொலிஃபிக் பிஎல்2303இன் பழைய அல்லது போலிச் சிப். அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர் தன் பழைய சிப் வகைகளை வேண்டுமென்றே ஏற்பதில்லை. சில பதிப்புகளில் '2012 முதல் நிறுத்தப்பட்டது' என்று சாதனத்தின் பெயரிலேயே எழுதிக் காட்டும். பழைய டிரைவரைக் கையால் தெரிந்து போட்டால் ஓடும், ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட் அதைத் திரும்ப மாற்றிவிடலாம். எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றி ஒன்றை வாங்குவதே நிரந்தர வழி.

போர்ட் சரியாகத் தெரிகிறது, எடை மட்டும் வரவில்லை என்றால் அதன் எண்ணைப் பாருங்கள். நேற்று காம்3, இன்று காம்7. துடைக்கும்போது யாரோ மாற்றியைக் கழற்றி வேறு யூஎஸ்பி துளையில் செருகியிருப்பார்கள்; மலிவான மாற்றிகளுக்குத் தனி அடையாள எண் இல்லாததால் துளை மாறினால் விண்டோஸ் புது எண் கொடுக்கும். பழைய மென்பொருள்கள் சில காம்4க்கு மேல் பார்ப்பதே இல்லை. திருத்தம்: போர்ட்டின் புரொப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய் எண்ணை மாற்றுங்கள். 'பாவனையில் உள்ளது' என்று மறுத்தால், வியூ மெனுவில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய போர்ட்களை நீக்கிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். பிறகு அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'தராசு' என்று எழுதுங்கள்.

எடை வருகிறது, ஆனால் குப்பை எழுத்தாக வருகிறதா? அந்தக் குப்பையை உற்றுப் பாருங்கள், அது ஒரு தகவல். எல்லா எழுத்தும் குழம்பியிருந்தால் பௌட் வேகம் (தரவை அனுப்பும் வேகம்) பொருந்தவில்லை. தராசில் 9600 என்றால் கணினியிலும் 9600 இருக்க வேண்டும். ஆனால் 0, 3, 5, 6, 9 ஆகியவை ஒழுங்காகவும் 1, 2, 4, 7, 8 மட்டும் வேறு குறிகளாகவும் வந்தால் வேகம் சரி, பாரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் ஒரு பிட்) அமைப்புத்தான் பிழை. தராசு 7 பிட்டும் இரட்டைப் பாரிட்டியும் அனுப்ப, கணினி 8 பிட்டும் பாரிட்டி இல்லையும் என்று வாசிக்கிறது. 62.5 கிலோ மூட்டையை வைத்தால் 6, புள்ளி, 5 மூன்றும் சரியாக விழும், நடுவில் 2 மட்டும் சிறிய மேலெழுத்து 2 ஆகவோ வேறு குறியாகவோ நிற்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பிட் உள்ள இலக்கங்களோடு பாரிட்டி பிட்டும் ஒட்டிக்கொண்டு வருவதே காரணம். கணினிப் பக்கம் 7 பிட், ஈவன் (இரட்டை) பாரிட்டி, 1 ஸ்டொப் பிட் என்று மாற்றினால் அந்தக் கணமே தெளிந்துவிடும்.

ஒன்றுமே வராவிட்டால், பழுது எந்தப் பக்கம் என்று பிரிக்கும் சோதனை இது:

1. தராசிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். மாற்றி மட்டும் கணினியில் இருக்கட்டும்.
2. மாற்றியின் ஒன்பது ஊசி முனையில் 2ஆம் 3ஆம் ஊசிகளை ஒரு சிறு வயர்த் துண்டால் இணையுங்கள்.
3. புட்டி போன்ற ஒரு டேர்மினல் புரோகிராமில் அந்தப் போர்ட்டைத் திறந்து எழுத்துகளைத் தட்டுங்கள். மென்பொருள் அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தால் முதலில் அதை மூடுங்கள்.
4. தட்டிய எழுத்துத் திரையில் வந்தால் கணினியும் மாற்றியும் நலம். கேபிளையும் தராசையும் பாருங்கள். வராவிட்டால் மாற்றி செத்துவிட்டது.

கேபிளில் 2, 3, 5 ஆகிய மூன்று கோடுகள் போதும்: பெறுவது, அனுப்புவது, தரை. சில தராசுகளுக்கு 2ஐயும் 3ஐயும் குறுக்காக மாற்றிய கேபிள் வேண்டும். நேர்க் கேபிளைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் கத்திக்கொண்டு இருக்கும், கேட்பதற்கு ஆள் இராது. நீளத்தை 15 மீற்றருக்குள் வையுங்கள்.

மாற்றிகள் அடிக்கடி சாகின்றன என்றால் வாங்கிய கடையோடு சண்டை பிடிக்கமுன் எர்த்தைப் பாருங்கள். எடைப்பாலம் ஒரு கட்டடத்து மின்னில், கணினி இன்னொரு கட்டடத்து மின்னில் என்றால் இரண்டின் தரைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அது அந்த 5ஆம் ஊசி வழியாகத்தான் ஓடும். மாரியில் இடி மின்னல் தொடங்கினால் சொல்லவே வேண்டாம். இரண்டு பக்க மின்னையும் பிரித்து வைக்கும் ஐசொலேட்டட் வகை மாற்றி இதற்காகவே இருக்கிறது. விலை கூடினாலும் எடைப்பாலத்துக்கு அதைத்தான் போடவேண்டும்.

காலையில் வேலை செய்து, சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு எடை வராமல் போவது வேறு கதை. சும்மா இருந்த யூஎஸ்பி துளையை விண்டோஸ் உறங்க வைக்கிறது. பவர் ஒப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துங்கள். டிவைஸ் மனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மனேஜ்மென்ட் பக்கத்திலும் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: டொட் மேட்ரிக்ஸ் பில் ஒவ்வொரு பக்கத்திலும் நகர்கிறது

முதல் பில் சரி, இரண்டாவது கொஞ்சம் கீழே, ஐந்தாவதில் மொத்தத் தொகை அடுத்த தாளின் துளை வரிசையில் விழுகிறது. பிரிண்டரில் பழுதில்லை. தொடர்தாளின் நீளம் 11 அங்குலம், விண்டோஸில் தெரிவாகியிருப்பது ஏ4, அதாவது 11.69 அங்குலம். ஒவ்வொரு தாளுக்கும் ஒன்றேமுக்கால் சென்டிமீற்றர் பிசகு சேர்கிறது.

செட்டிங்ஸில் பிரிண்டர் பக்கத்துக்குப் போய் 'பிரிண்ட் சேர்வர் புரொப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்து புதிய போர்ம் (தாள் அளவு) ஒன்றை உருவாக்குங்கள். முழுத்தாள் என்றால் 9.5 × 11 அங்குலம், அரைத்தாள் என்றால் 9.5 × 5.5. பிறகு பிரிண்டரின் பிரிஃபரன்ஸ், மென்பொருளின் பில் அமைப்பு, பிரிண்டரின் சொந்த பேஜ் லெங்த் ஆகிய மூன்றிலும் அதே அளவு இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நகரும். அங்குலத்துக்கு 6 வரி வீதம் முழுத்தாளுக்கு 66 வரி, அரைத்தாளுக்கு 33. மென்பொருள் வரிக்கணக்குக் கேட்டால் இதைக் கொடுங்கள்.

பில் மிக மெதுவாக, ஒவ்வொரு வரியையும் இரண்டு மூன்று முறை உரசி அடித்தால், மென்பொருள் பில்லைப் படமாக அனுப்புகிறது. பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் ட்ராஃப்ட் எழுத்துருவைத் தெரிந்தால் பறக்கும். ஆனால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. வாடிக்கையாளர் பெயர் தமிழில் வரவேண்டும் என்றால் மெதுவைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழ்ப் பெயரைக் கைவிட்டு வேகம் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். விவசாயி தன் பெயரை வாசித்துப் பார்த்துத்தான் பற்றுச்சீட்டில் ஒப்பம் வைக்கிறார்.

அறிகுறி: 8 ஜிபி போட்டும் 'மெமரி போதாது' என்கிறது

சிஸ்டம் பக்கத்தில் '8.00 ஜிபி, பாவிக்கக்கூடியது 3.4 ஜிபி' என்பதுபோல் எழுதியிருந்தால் விண்டோஸ் 32 பிட். 32 பிட் விண்டோஸால் 4 ஜிபிக்கு மேல் எட்ட முடியாது, அதிலும் ஒரு பங்கை வன்பொருள் எடுத்துக்கொள்ளும். இன்னொரு ராம் அட்டை வாங்குவது வீண் செலவு. 64 பிட் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். ஏற்கெனவே எக்ஸ்64 என்றால், அட்டையைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பை உலர்ந்த அழிறப்பரால் துடைத்து, 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் செம்மண் தூசி இந்தத் துளைகளுக்குள் போவது சாதாரணம்.

அறிக்கையை எக்செலுக்கு எடுக்கும்போது மட்டும் 'புரொவைடர் பதிவாகவில்லை' என்று வந்தால் மெமரி காரணமல்ல. மென்பொருள் ஒரு பிட் வகை, ஒஃபிஸ் மற்றைய பிட் வகை. இரண்டையும் ஒன்றாக்குங்கள். மென்பொருளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஓடிபிசி இணைப்பிலும் இதே பொறி உண்டு. பெயர் இன்னும் குழப்பும்: 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்ற கோப்புறைக்குள் இருப்பது 64 பிட் ஓடிபிசி, 'சிஸ்டபிள்யூஓடபிள்யூ64' (SysWOW64) என்பதற்குள் இருப்பது 32 பிட்.

அறிகுறி: எல்லாம் மெதுவாக இருக்கிறது

டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே மென்பொருளில் மெதுவான வேலையைச் செய்யுங்கள்.

டிஸ்க் 100 வீதத்தில் நின்று, வேகம் செக்கனுக்கு சில எம்பி மட்டும் என்றால் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் கழுத்தைப் பிடிக்கிறது. 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 240 ஜிபி போதும், பத்து வருடக் கணினியையும் எழுப்பிவிடும். மெமரி 90 வீதத்துக்கு மேல் என்றால் ராம் கூட்டுங்கள். ஆனால் டிடிஆர்3 அட்டை டிடிஆர்4 துளைக்குள் போகாது, வெட்டு இடம் வேறு. பழைய அட்டையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள்.

காலையில் சரியாக இருந்து நண்பகலில் மெதுவானால் சூடு. விசிறியையும் வெப்பத்தகட்டையும் தூரிகையால் சுத்தம் செய்து, புரொசசரின் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசுங்கள்.

டாஸ்க் மனேஜரில் புரொசசர், மெமரி, டிஸ்க், நெட்வேர்க் நான்கும் அமைதியாக இருந்தும் திரை நகரவில்லை என்றால் சேர்வருக்கான வழித்தடம்தான் காரணம். சேர்வருக்குப் பிங் (பதில் வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) செய்யுங்கள். ஒரே கட்டடத்துக்குள் 1 மில்லிசெக்கன் அளவில் வரவேண்டும். பூநகரிக் கிளையிலிருந்து 4ஜி ரௌட்டர் வழியாகக் கிளிநொச்சிச் சேர்வருக்கு 50 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பற்றுச்சீட்டைச் சேமிக்க மென்பொருள் தரவுத்தளத்தோடு 400 தரம் போய்வருகிறது என்றால் 400 × 50, அதாவது 20 செக்கன். கிளையில் எவ்வளவு விலையான கணினி வைத்தாலும் இந்த 20 குறையாது. மென்பொருளைச் சேர்வருக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டு, விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிவழி) வழியாக ரிமோட் டெஸ்க்டொப்பில் திரையை மட்டும் கிளைக்குக் கொண்டுவருவதே வழி. விபிஎன் இல்லாமல், ரிமோட் டெஸ்க்டொப் பாவிக்கும் 3389 என்ற நெட்வேர்க் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். பூட்டில்லாத களஞ்சியத்துக்குச் சமம் அது.

கட்டடத்துக்குள்ளேயே மெதுவு என்றால் நெட்வேர்க் வேகம் 1 ஜிபிபிஎஸ்ஸா 100 எம்பிபிஎஸ்ஸா என்று பாருங்கள். எட்டுக் கம்பியில் நான்கு மட்டும் பிடித்திருந்தாலும் 100இல் ஓடும், ஆள் கவனிக்கமாட்டார். எலி கடித்த கேபிளின் வழக்கமான அடையாளம் இது.

அறிகுறி: புது லாப்டொப்பில் எஸ்கியூஎல் சேர்வர் நிறுவ முடியவில்லை

கிளையில் இணையம் அறுந்தாலும் வேலை நடக்கவேண்டும் என்று சில மென்பொருள்கள் கிளைக் கணினியிலேயே எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸை (எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் இலவசப் பதிப்பு) நிறுவும். புத்தம் புது விண்டோஸ் 11 லாப்டொப் சிலவற்றில் அது கடைசிக் கட்டத்தில் விழும், பிழைப் பதிவேட்டில் 'மிஸ்அலைன்ட் லாக் ஐஓ' என்ற சொற்கள் இருக்கும். இங்கே கணினி பழசு என்பதல்ல, டிஸ்க் புதுசு என்பதே சிக்கல். டிஸ்க் தரவை செக்டர் என்ற துண்டுகளாக வைக்கிறது; எஸ்கியூஎல் சேர்வர் 512, 4096 பைட் செக்டர்களைத்தான் ஏற்கும். புதிய என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்க்குகள் சில அதைவிடப் பெரிய அளவைச் சொல்கின்றன. விண்டோஸ் 10 அதைக் கண்டுகொள்ளவில்லை, விண்டோஸ் 11 உள்ளபடி மென்பொருளுக்குச் சொல்லிவிடுகிறது.

அட்மின் உரிமையோடு கமாண்ட் பிரொம்ப்டைத் திறந்து 'எஃப்எஸ்யூட்டில் எஃப்எஸ்இன்ஃபோ செக்டர்இன்ஃபோ சி:' (fsutil fsinfo sectorinfo c:) என்ற கட்டளையைக் கொடுங்கள். அட்டோமிசிட்டி, பெர்ஃபோமன்ஸ் என்று முடியும் வரிகளில் 4096க்கு மேல் இருந்தால் இதுதான் காரணம். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) 'ஸ்டோர்என்விஎம்இ' (stornvme) சேவையின் பராமீட்டர்ஸ், டிவைஸ் கிளையில் 'ஃபோர்ஸ்ட்பிசிக்கல்செக்டர்சைஸ்இன்பைட்ஸ்' (ForcedPhysicalSectorSizeInBytes) என்ற பெயரில் மல்டிஸ்ட்ரிங் மதிப்பு ஒன்றைச் சேர்த்து, அதில் நட்சத்திரக்குறி, ஒரு இடைவெளி, 4095 என்று எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 4096 அல்ல, 4095. பாதியில் நின்ற எஸ்கியூஎல்லை முழுதாக அகற்றிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொடுமுன் ஒரு பிரதி எடுத்து வைப்பது கட்டாயம்.

அறிகுறி: லைசன்ஸ் இல்லை என்கிறது, நேற்று இருந்தது

யூஎஸ்பி டொங்கிளின் (லைசன்ஸைத் தாங்கும் சிறு செருகி) சிறு விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் டிரைவர் இருக்கிறது. சென்டினல் வகை டொங்கிள் நெட்வேர்க்கில் பகிரப்பட்டிருந்தால் 1947 என்ற நெட்வேர்க் போர்ட்டை ஃபயர்வோல் மறித்திருக்கிறதா பாருங்கள். டொங்கிள் இல்லாத மென்பொருள்கள் கணினியின் வன்பொருள் அடையாளத்தைப் பார்க்கின்றன. மதர்போர்ட்டையோ நெட்வேர்க் கார்ட்டையோ மாற்ற வேண்டிவந்தால், மாற்றுமுன் லைசன்ஸை விடுவித்துவிடுங்கள். வைஃபையில் 'ரேண்டம் ஹார்ட்வெயர் அட்ரஸ்' இயங்கினால் அடையாளம் மாறிக்கொண்டிருக்கும், அதை நிறுத்துங்கள்.

அறிகுறி: காலையில் தேதி பிழை, சேர்வர் சான்றிதழ் செல்லாது என்கிறது

மதர்போர்ட்டின் சிஆர்2032 பற்றரி. புதியது 3 வோல்ட், மல்டிமீற்றரில் 2.7க்குக் கீழே இறங்கினால் மாற்றுங்கள். இரவில் மெயின் சுவிட்சை நிறுத்தும் அலுவலகங்களில் மணிக்கூட்டை இந்தப் பற்றரிதான் தனியே ஓட்டுகிறது, ஆகவே விரைவில் தீரும். மாற்றும்வரை நேரத்தைச் சரிபார்க்காமல் ஒரு பற்றுச்சீட்டும் போடாதீர்கள். பின்தேதியில் விழுந்த பதிவைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு.

நேரம் சரியாகவே இருந்தும் 12ஆம் தேதிவரை நாளும் மாதமும் மாறி விழுந்து, 13ஆம் தேதி பிழைச் செய்தி வருகிறதா? பிராந்திய அமைப்பில் அமெரிக்க முறை இருக்கிறது. நாள், மாதம், ஆண்டு என்று மாற்றுங்கள்.

கணினி உண்மையிலேயே பழசு என்ற இடங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு 64 பிட் புரொசசர், 4 ஜிபி மெமரி, 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும், இன்டெல் கோர் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல் ஏற்கப்படுகிறது. 'டிபிஎம் இல்லை' என்றவுடன் கைவிடாதீர்கள். பல மதர்போர்ட்களில் அது பயோஸுக்குள் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) நிறுத்தப்பட்டிருக்கிறது. இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்குங்கள். கோர் 2 டுவோ என்றால் வழியில்லை: விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு வேண்டிய கட்டளைத் தொகுதி அந்தச் சிப்பில் கிடையாது. டோஸ் காலத்துக் கணக்கு மென்பொருளை 64 பிட் விண்டோஸ் நேரடியாக ஓட்டாது. டோஸ்பொக்ஸ் போன்ற ஒன்றுக்குள் ஓட்டுங்கள், அல்லது பழைய கணினியை இணையத்தோடு இணைக்காமல் அதற்கென்றே வையுங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் விண்டோஸ் ஹோம் வேண்டாம், புரோ கேளுங்கள். ஹோம் டொமெய்னில் (அலுவலகக் கணினிகளை ஒரே சேர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேராது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லாப்டொப்பில் மென்பொருள் ஓடினாலும் டொங்கிளுக்கும் பழைய பிரிண்டருக்கும் ஏஆர்எம் டிரைவர் இல்லாமல் போகலாம், எனவே தராசு மேசைக்கு அது பொருந்தாது. அந்த மேசைக்கு டெஸ்க்டொப்தான் நல்லது, அதிலும் மதர்போர்ட்டில் 'காம்' என்று எழுதிய சிறு ஊசித் தொகுதி உள்ளதாகப் பாருங்கள். அதிலிருந்து ஒரு சிறு கேபிளால் பின்பக்கத்துக்கு உண்மையான சீரியல் போர்ட்டைக் கொண்டுவரலாம், யூஎஸ்பி மாற்றியே தேவையில்லை. காசு கொடுக்குமுன் உங்கள் தராசுக் கேபிளையும் டொங்கிளையும் கடைக்குக் கொண்டுபோய் அங்கேயே மாட்டிப் பாருங்கள்.